குஷன் அக்காவின் கொழுப்பு

குஷன் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோதும் ரத்தம் நிற்காமல் வாயில் பஞ்சு இருந்தது. அவளால் பேச முடியாததால் அன்று பணிமனை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது என்று ஃபோர்மேன் பிற்பாடு சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பஸ் டிப்போவில் இருக்கை தைப்பது அவள் வேலை. பிளேடால் கீறிய இருக்கை, ஃபோமைப் பிய்த்த இருக்கை, ஒருவர் தன் காதலைப் பேனாவால் எழுதி இன்னொருவர் அதைத் திருத்திய இருக்கை எல்லாம் அவளிடம்தான் வரும். பழைய ரெக்சினை உரித்துப் போட்டு, ஃபோமை மாற்றி, புதிய ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடிப்பாள். வளைந்த ஊசி விரலில் ஏறாத நாள் கிடையாது. ஏறும், ஒரு சொட்டு வரும், விரலை வாயில் வைத்துச் சப்புவாள், நின்றுவிடும். அதனால் தன் ரத்தத்தில் கோளாறு இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மகள் பிறந்தபோது நிறைய ரத்தம் போனது உண்மைதான். சிலருக்கு உடம்புவாகு அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடம்புவாகு என்ற சொல் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

பல் டாக்டர் சின்ன வயதுக்காரர். முதல் தடவை பஞ்சை மாற்றும்போது "இது சகஜம்மா" என்றார். அடுத்த தடவை ஒரு தையல் போட்டார். அதற்கடுத்த தடவை அவள் உள்ளே நுழைந்தபோது அவர் முகம்தான் ரத்தம் வற்றிப் போயிருந்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, நானே வண்டி பிடிச்சுத் தர்றேன்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் குழாயாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். உறைய எடுக்கும் நேரம் நார்மல், ரத்தத்தை அடைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை நார்மல். இதை வாசித்துச் சொன்ன டாக்டருக்கும் அவளுக்கும் நடுவில், மேஜைமேல், அவள் துப்பிய கிண்ணம் இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், திரும்பவும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரிப்போர்ட்டைத்தான் நம்பினார்.

நல்ல வேளையாக மாடியிலிருந்து ரத்த டாக்டரம்மா இறங்கி வந்தார். ரத்தத்தைப் பற்றி மட்டுமே படித்தவர், ரத்தத்தைப் பற்றி மட்டுமே பேசுபவர். "எண்ணிக்கை சரிதான். வேலை செய்யுதான்னு யாரு பார்த்தா?" என்று கேட்டுவிட்டு, வேறு ஆட்கள் கொடுத்த தட்டணுக்களை ஒரு பையில் வரவழைத்து அவளுக்கு ஏற்றச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வாயில் ரத்தம் நின்றுவிட்டது. ரத்த டாக்டரம்மா அவளுடைய ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு பருவமே மாறிப் போனது. வந்ததும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எந்தக் கோளாறையும் ஒரு சுவிட்சில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று நினைப்பவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "எந்த பார்ட் போச்சு டாக்டர்?" என்றார்.

"பார்ட்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தோல் இருக்கு, சவ்வுன்னு சொல்வோம். அது ரெண்டு அடுக்கு. முதுகோட முதுகு ஒட்டி நிக்கிற மாதிரி. ரெண்டு அடுக்கும் கொழுப்புதான், ஆனா ஒரே கொழுப்பு இல்லை. ஒரு வகைக் கொழுப்பு எப்பவும் உள் அடுக்குலதான் இருக்கணும். தப்பித் தவறி வெளியே வந்தாலும் செல் அதைப் பிடிச்சு உள்ளே தள்ளிடும்."

"அப்படி என்ன கோபம் அதுமேல?" என்றாள் குஷன் அக்கா.

"கோபம் இல்லைம்மா. அது வெளியே தெரிஞ்சா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. காயம் பட்டா, தட்டணு அந்தக் கொழுப்பை வெளிப் பக்கம் புரட்டிப் போடும். ரத்தத்தை உறைய வைக்கிற சாமான் எல்லாம் அதுமேல வந்துதான் உட்காரும். உங்க தட்டணு காயம் பட்ட இடத்துக்குப் போகுது, கூட்டம் கூடுது, எல்லாம் செய்யுது. கொழுப்பை மட்டும் வெளியே காட்ட மாட்டேங்குது. சின்னக் காயத்துக்கு அந்தக் கூட்டமே போதும். பல் பிடுங்கின குழிக்குப் பத்தாது."

"இவ கொழுப்பு உள்ளேயே இருக்குன்னு கல்யாணம் ஆன நாள்லயிருந்து எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

ரத்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. குஷன் அக்காவும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தார்.

குஷன் அக்கா தனக்குத் தெரிந்ததை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தாள். "ரெக்சின் மாதிரியா டாக்டர்? மேல வழவழன்னு இருக்கும், அடியில வெள்ளைத் துணி இருக்கும். துணி வெளியே தெரிஞ்சா சீட் போச்சுன்னு அர்த்தம்."

"கிட்டத்தட்ட. ஆனா ரெக்சின் அப்படியே நிக்கும். இது எண்ணெய் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்."

ஓடிக்கொண்டே இருக்கும் ரெக்சினை எப்படித் தைப்பது என்று குஷன் அக்கா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கிளம்பும்போது ரத்த டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார், முடிந்தால் போய் வரலாம். அதைவிட முக்கியம், இது பரம்பரையாக வருவது. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே தட்டணு ஏற்றிக்கொண்டுதான் கத்தி வைக்க வேண்டும்.

கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். தெரியாதவர்கள் ஓட்டும் காரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன், ஊசி என்றால் காத தூரம் ஓடுவான். அவனுக்குக் குடலிறக்கம் வந்து வருஷக் கணக்கில் ஆகிறது. ஆபரேஷன் வேண்டும் என்று சொன்ன டாக்டர்களை எல்லாம் ஒவ்வொருவராக மாற்றிவிட்டு, ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளினான். குஷன் அக்கா போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, டனல்ல போய்க்கிட்டு இருக்கேன், சரியா கேக்கல" என்றான். அடுத்த பல நாட்களுக்கு அவன் எப்போது எடுத்தாலும் டனலில்தான் இருந்தான். அவன் ஓட்டும் பக்கம் டனலே கிடையாது.

ஆராய்ச்சி நிலையத்துக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். அங்கே இருந்த ஆராய்ச்சிக்காரர் ஒல்லியாக, சாப்பிட மறந்தவர் போல இருந்தார். எதைச் சொன்னாலும் "ஆனா" என்று ஒரு கொக்கி போடுவார்.

"நம்ம உடம்புல தினமும் கோடிக்கணக்குல செல் சாகுதும்மா. விபத்து இல்லை. உத்தரவு வருது, அது ஒழுங்கா மடிச்சு வெச்ச மாதிரி சாகுது. பழசு போகலைன்னா புதுசுக்கு இடம் ஏது? அந்த உத்தரவை வாங்கறதுக்குச் செல்லோட தோல்மேல வாங்கிகள் நிக்கும். அதுங்க தனித்தனியா நின்னா உத்தரவு உள்ளே போகாது. தோல்ல சில இடத்துல கொலஸ்ட்ரால் கெட்டியா சேர்ந்து, தெப்பம் மாதிரி மிதந்துக்கிட்டு இருக்கும். வாங்கிகள் எல்லாம் அந்தத் தெப்பத்துமேல ஏறி நெருக்கியடிச்சு நிக்கும்போதுதான் சேதி உள்ளே இறங்கும்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கொலஸ்ட்ரால் ஜாஸ்தி, குறைக்கச் சொல்லியிருந்தார்கள். "அப்போ கொலஸ்ட்ராலை முழுசா எடுத்துட்டா சாவு வராதா சார்?"

"செல்லைப் பத்திப் பேசறோம் சார். உங்களுக்கு வரும்."

"சரி" என்று திரும்பவும் சாய்ந்துகொண்டார்.

ஆராய்ச்சிக்காரர் தொடர்ந்தார். "உத்தரவு கிடைச்ச செல் கடைசியா ஒரு காரியம் பண்ணும். உங்க டாக்டர் சொன்னாங்களே, அதே உள் பக்கக் கொழுப்பை வெளியே திருப்பிக் காட்டும். 'நான் முடிஞ்சுட்டேன், எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு அர்த்தம். விழுங்கற செல்லுங்க அதைப் பார்த்து வந்து சத்தமில்லாம விழுங்கிட்டுப் போயிடும். அந்த அடையாளம் தெரியலைன்னா, செத்தது அங்கேயே கிடந்து உடைஞ்சு, சுத்தி இருக்கறதுக்கெல்லாம் வம்பு. உங்களுக்குக் காயத்துக்குப் புரட்டற வேலை நின்னு போயிருக்கு. சாகும்போது புரட்டறதும் நின்னிருக்கான்னு பார்க்கணும். நின்னிருக்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா அது வேற வழி. வேற நாட்டுல பார்த்து எழுதியிருக்காங்க, ஆனா உங்க செல்லுல பார்க்காம நான் சொல்லக் கூடாது."

குஷன் அக்கா கையை நீட்டினாள். ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஆராய்ச்சிக்காரர் போட்ட "ஆனா"க்களில் ஒன்றைக்கூட வீட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கீழ்வீட்டில் அவருடைய தங்கை இருந்தாள். அதாவது குஷன் அக்காவின் நாத்தனார். அவளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் அண்ணியோட செல்லு சாகுதா இல்லையான்னே தெரியலையாம். பெரிய பெரிய ஆளுங்க மண்டையைப் பிச்சுக்கறாங்க."

நாத்தனாருக்கு ஒரு சேதியைக் காதில் வாங்கியபடியே வெளியே விட்டுப் பழக்கமில்லை. அதற்குக் கொஞ்சம் தையல் வேலை செய்துதான் விடுவாள். அந்த வாரக் கடைசிக்குள் "அண்ணி சாக மாட்டாங்களாம்" என்பது தெருமுனை வரை போய்விட்டது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் பெரிய ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் அவளைப் பல வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தார். அவர் இப்போது எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மேல்மாடியில் குழந்தை பிறந்த வீட்டில் முதலில் அவள் கையில் கொடுத்தார்கள். டிப்போவில் ஃபோர்மேன் வந்து, அவள் தைத்துக்கொண்டிருந்த இருக்கையின் எதிரில் உட்கார்ந்தார்.

"ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் பென்ஷன் எவ்வளவு நாளைக்கும்மா வாங்குவ?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"அதுதான் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க" என்று எழுந்து போனார்.

வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் போனதுக்கப்புறம் நீ என்ன பண்ணுவ?"

"எங்க போறீங்க?"

"செத்துப் போறதைச் சொல்றேன்."

"மெஷின்ல துணி கிடக்கு. அதைக் காயப் போட்டுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க."

"இல்ல, நூறு வருஷம் தனியா இருப்பியே. இன்னொருத்தனைக் கட்டிக்குவியா?"

குஷன் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருத்தருக்கே இவ்வளவு துணி துவைக்க வேண்டியிருக்கு" என்றாள். அவர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நல்ல பதிலா கெட்ட பதிலா என்று அவருக்குப் புலப்படவில்லை. ஆனால் துணியைக் காயப் போட்டார்.

வெளியில் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கதி கலங்கிப் போயிருந்தாள். அவள் பயந்தது சாகாமல் இருப்பதைப் பற்றியல்ல. அந்தக் கதையை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் போகிற போக்கில் சொன்ன இன்னொன்றுதான் அவளைப் பிடித்துக்கொண்டது: அடையாளம் தெரியாவிட்டால் செத்தது அங்கேயே கிடக்கும். டிப்போவில் கழித்துப்போட வேண்டிய இருக்கையில் ஃபோர்மேன் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால்தான் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போவான். கோடு விட்டுப்போன இருக்கைகள் ஷெட்டின் பின்பக்கத்தில் மழையில் ஊறி, எலி குடும்பம் நடத்தி, பக்கத்தில் இருக்கும் நல்ல இருக்கைகளையும் கெடுத்துக்கொண்டு கிடக்கும். தன் உடம்புக்குள் அப்படி எத்தனை கிடக்கிறதோ என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளிக்கும்போது விலா எலும்புப் பக்கம் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததே சந்தேகமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் தம்பி டனலிலிருந்து வெளியே வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே, தலைவாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, அந்த டெஸ்ட்டை எனக்கும் எடுக்கச் சொல்லு."

"ஊசி போடுவாங்கடா."

"போடட்டும்."

அவளுக்குக் கண் கலங்கியது. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள். வீட்டுக்காரர்தான், "மச்சானுக்கும் செல்லு சாகாதான்னு பார்க்கணுமாம்" என்று காரணத்தை உடைத்தார். தம்பி மறுக்கவில்லை. "ஒரே வயித்துல பிறந்தவங்க. உனக்கு மட்டும் எப்படி?" என்றான், பங்கு கேட்பவன் தோரணையில்.

ரத்தம் எடுத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிவு வந்தது. அவனுக்கும் அதே கோளாறுதான். ரத்த டாக்டரம்மா அவனை உட்கார வைத்து, ஆபரேஷன் என்றால் என்னென்ன முன்னேற்பாடு வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதியைத்தான் அவன் அந்த அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தான். இந்த வீட்டு ஆண்களுக்கு அது வழக்கமாகிவிட்டது.

அதன் பிறகு அவன் நடையே மாறிப்போனது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் லாரிக்கு எதிரே திருப்பினாலும் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைக்காமல், "பார்த்துக்கலாம், போங்க" என்றானாம். அன்று கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்மணி பாதி வழியிலேயே இறங்கி வீட்டுக்கு நடந்து போய்விட்டார்.

ஆராய்ச்சிக்காரரிடமிருந்து அழைப்பு வந்த அன்று குஷன் அக்கா தனியாகவே போனாள். "ஆனா"க்களைத் தானே வாங்கி வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

இருட்டான சின்ன அறையில் மைக்ராஸ்கோப்போடு ஒரு திரை இருந்தது. ஆராய்ச்சிக்காரர் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒரு பச்சைச் சாயம் இருக்கும்மா. அந்தக் கொழுப்பு வெளியே தெரிஞ்சா மட்டும்தான் ஒட்டும். முதல்ல உங்க தட்டணு. காயம் பட்ட மாதிரி தூண்டி விட்டிருக்கோம்."

திரை கறுப்பாக இருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கறுப்பாகவே இருந்தது.

"ஒட்டலை. அது தெரிஞ்சதுதான். இப்போ உங்க வெள்ளணு. இதுக்குச் சாகச் சொல்லி உத்தரவு கொடுத்திருக்கோம்."

அவள் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். அவர் ஏதோ ஒன்றைத் திருகினார். திரையில் பச்சை வளையங்கள் தெரிந்தன. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு திரை முழுக்க. சில வளையங்கள் குமிழ் குமிழாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்ன பண்ணுது சார்?"

"சாகுதும்மா." அவர் குரலில் கொஞ்சம் மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. வித்தியாசமாக ஏதாவது இருந்திருந்தால் அவருக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும். "நல்லபடியா சாகுது. எல்லாருக்கும் எப்படியோ அப்படி. காயத்துக்குத் திறக்கிற கதவு வேற. கால்சியம் ஏறினதும் திறக்கணும், உங்களுக்கு அதுதான் மக்கர் பண்ணுது. சாவுக்குத் திறக்கிற கதவு வேற. உத்தரவு வந்ததும் உள்ளே கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு கிளம்பி அதோட தாழ்ப்பாளை வெட்டி விடும். அது உங்களுக்குச் சரியா இருக்கு."

"எடுத்துக்கிட்டுப் போக ஆள் வருதா?"

அவர் அடுத்த படத்தைப் போட்டார். பெரிய, வடிவமில்லாத ஒரு செல் மெதுவாக ஊர்ந்து வந்து பச்சை வளையம் ஒன்றைத் தழுவி உள்ளே இழுத்துக்கொண்டது. அவசரமே இல்லை. அது போன பிறகு அந்த இடம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

குஷன் அக்கா அதை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

ஆராய்ச்சிக்காரர் உற்சாகமாகிவிட்டார். கேட்காமலே வேறொன்றையும் காட்டினார். அதே வெள்ளணு, அதே உத்தரவு, ஆனால் தோலிலிருந்த கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். தெப்பம் கலைந்ததும் வாங்கிகள் மூலைக்கு ஒன்றாக நின்றன. உத்தரவு வந்தும் செல்கள் காது கேட்காதவை போல் சும்மா இருந்தன. பச்சை எங்கோ ஒன்றிரண்டுதான். "தோல் எப்படி அமைஞ்சிருக்கோ அதைப் பொறுத்துதான் சேதி காதுல விழும்" என்றார்.

"இதை எங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் அவள். "ரொம்ப நன்றி சார். மனசு நிறைஞ்சு போச்சு."

தன் செல்கள் செத்ததற்கு ஒருவர் இப்படி நன்றி சொல்லி ஆராய்ச்சிக்காரர் பார்த்ததில்லை. "வேற ஏதாவது செத்தா சொல்றேன்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்து, ஒரு கடையில் நின்று ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருக்கும்போது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, உங்க தம்பி ஆபரேஷனுக்குப் படுத்துட்டாராமே, சொல்லவே இல்லை?"

"என்ன ஆபரேஷன்?"

"குடலிறக்கம்தான். டிரைவிங் ஸ்கூல் பக்கத்துல ஒரு கிளினிக் இருக்கே, அங்கேதான். பயமே இல்லாம போயிருக்காரு. எல்லாம் உங்க ராசி."

குஷன் அக்கா மீதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

கிளினிக் என்பது மருந்துக் கடைக்கு மேலே மூன்று அறைகள். தம்பி நடுவறையில் பச்சை அங்கியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நர்ஸிடம் சாலை விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையை ஆட்டினான்.

"வா அக்கா. சின்ன வேலைதானாம். மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்."

"டாக்டர் கிட்ட சொன்னியா?"

"எதை?"

"நம்ம ரத்தத்தைப் பத்தி."

"எதுக்கு அவரைக் குழப்பிக்கிட்டு? அதான் நமக்கு ஒண்ணும் ஆகாதே."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "டேய், நல்லா கேட்டுக்கோ. நீயும் சாவ, நானும் சாவேன். இப்போதான் கண்ணால பார்த்துட்டு வர்றேன். ரொம்ப அழகா சாகறோம்."

நர்ஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கையுறை போட்டுக்கொண்டே உள்ளே வந்த சர்ஜன் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு சாகறாங்க?"

குஷன் அக்கா அவரிடம் பல்லில் ஆரம்பித்துத் தட்டணு வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சர்ஜன் பாதியிலேயே ஒரு கையுறையைக் கழற்றிவிட்டார். ரத்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசியபோது இரண்டாவதையும் கழற்றினார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்து, "முன்னாடி ஏதாவது ரத்தப் பிரச்சினை இருக்கான்னு உங்களைத்தானே கேட்டேன்?" என்றார்.

"பிரச்சினைன்னு நான் நினைக்கல டாக்டர். வசதின்னு நினைச்சேன்."

சர்ஜன் எழுந்து போய் அடுத்த அறை நோயாளியைப் பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு தம்பி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். "நிஜமாவே சாகுதா அக்கா?"

"பச்சைப் பச்சையா."

"உனக்கு மட்டும் அப்படி இருக்கலாம்ல?"

"எனக்கு எந்தக் கதவு திறக்கலையோ உனக்கும் அதேதான். சாவுக் கதவு ஜோரா திறக்குது."

அவன் முகம் சின்னப் பிள்ளை மாதிரி கோணிக்கொண்டது. வாய்விட்டு அழுதான். அவன் இத்தனை நாள் ஊசிக்கும் கத்திக்கும் பயந்ததற்கெல்லாம் அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஆறுதலாக ஏதாவது சொல்லப் பார்த்தாள். தோன்றியதெல்லாம் செல்களைப் பற்றியே இருந்ததால் பேசாமல் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைச் சரி செய்தாள். "பசிக்குது" என்றான் கடைசியில். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருந்தான். கீழே போய் வாங்கி வந்தாள்.

அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதலில் தட்டணு ஏற்றினார்கள். மஞ்சளாக, மோர் மாதிரி கலங்கலாக இருந்த அந்தப் பையைத் தம்பி சந்தேகத்தோடு பார்த்தான்.

"இது யாரோடது சிஸ்டர்?"

"நாலஞ்சு பேரோடது."

"நல்லவங்களா?"

"கொழுப்பு ஒழுங்கா புரளும்" என்று ரத்த டாக்டரம்மா பின்னாலிருந்து சொன்னார். அவர் வேடிக்கையாகப் பேசியதை அந்த வார்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதனால் அது வேடிக்கை என்று யாருக்கும் தெரியவில்லை.

காயம் ஆறியது. ஒரு சொட்டுக்கூட அதிகமாகப் போகவில்லை. தம்பி பெல்ட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டான். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரு அட்டை கொடுத்து, எங்கே போனாலும் வைத்திருக்கச் சொன்னார்கள். குஷன் அக்கா பர்ஸில் வைத்துக்கொண்டாள். தம்பி லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

நாத்தனார் மட்டும் கடைசி வரை நம்பவில்லை. "வெளியே சொன்னா கூட்டம் கூடிடும்னு மறைக்கிறாங்க" என்றாள். வீட்டுக்காரருக்கு முகம் தெளிந்துவிட்டது. மனைவியும் தன்னைப் போலவே ஒருநாள் போய்விடுவாள் என்று தெரிந்த அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். அது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் திரும்பவும் துரத்த ஆரம்பித்தார்.

ஆராய்ச்சிக்காரர் கட்டுரையை எழுதி முடித்து ஒரு பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அன்று தம்பியும் இருந்தான். பெயர் போட மாட்டார்களாம், முதல் நோயாளி, இரண்டாம் நோயாளி என்றுதான் போடுவார்களாம். தம்பி பக்கங்களைப் புரட்டினான்.

"இதுல நான் யாரு?"

"நீங்க இரண்டாம் நோயாளி."

"ஏன் சார்? அக்கா மூத்தவங்கறதாலயா?"

"வயசு இல்லை. யாரோட ரத்தம் முதல்ல வந்துச்சோ அந்த வரிசை."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் ஆராய்ச்சிக்காரருக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் "போதும்மா" என்றார், "ஆனா" என்றார், சாப்பிட்டார்.